மகிழ்ச்சி பற்றிய ஆய்வுகளும் ஆயரின் பணியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சென்னையின் மேற்குப் புறநகரில் ஆவடியை அடுத்துள்ள முத்தாபுதுப்பேட்டையில், ஒரு ஞாயிறு ஆராதனையில் பிலிப்பியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைக் கொண்டு பிரசங்கித்தோம். சிறையிலிருந்து எழுதும் அப்போஸ்தலன் சபையாரை மகிழ்ந்திருக்கும்படி ஏவுகிறார். எனவே மகிழ்ச்சி விசுவாசியின் கடமை என்பதே அன்றைய செய்தியின் சாரம். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, கணவரை இழந்து ஓராண்டும் நிறைவுறாத ஒரு தாயார் நம்மிடம் வந்து, "ஐயா, மகிழ்ச்சியும் ஒரு கட்டளை என்றால், நான் அந்தக் கட்டளையையும் மீறினவள்தானே?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. "ஜெபித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். மனிதர் எதனால் மகிழ்ச்சியடைகின்றனர் என்பதைக் கடந்த அரை நூற்றாண்டாக உளவியலாரும் பொருளியலாரும் மருத்துவரும் ஆராய்ந்து வருகின்றனர். இம்முடிவுகள் இன்று நாளிதழ்கள், பயிற்சி வகுப்புகள் ஆகியவற்றின் வாயிலாக நம் சபையாரையும் வந்தடைகின்றன. ஆயர்களாகிய நாம் இவற்றை எவ்வாறு மதிப்பிடுவது? இவற்றுள் எவை நம் மேய்ப்புப் பணிக்கு உதவும்? எவை தீங்கு விளைவிக்கும்? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

1. ஆய்வு எதை அளக்கிறது?

மகிழ்ச்சியை அளக்க இயலுமா என்பது முதல் ஐயம். அமெரிக்க உளவியலார் எட் டீனர் 1984இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு ஓர் அடித்தளமாயிற்று. ஒருவர் தம் வாழ்வு முழுவதையும் நோக்கி எவ்வளவு நிறைவு கொண்டுள்ளார் என்பது ஓர் அளவு. அன்றாடம் அவருக்கு இனிய உணர்வுகள் எத்துணை, துன்ப உணர்வுகள் எத்துணை என்பது மற்றோர் அளவு. இவ்விரண்டையும் அவரவரிடமே கேட்டறிவது இத்துறையின் வழக்கம். இவ்விரண்டு அளவுகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், இவ்வாரம் களைத்தும் சலித்தும் இருப்பாள். ஆயினும் தன் வாழ்வு நிறைவானது என்றே கூறுவாள்.

வேதாகமம் கூறும் பாக்கியம் இவ்விரண்டு அளவுகளிலும் அடங்காதது. முதலாம் சங்கீதத்தின் தொடக்கத்திலும் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலும் பாக்கியவான்கள் என்று அழைக்கப்படுவோர், இனிய உணர்வு பெற்றோர் என்பதற்காக அவ்வாறு அழைக்கப்படவில்லை. தேவனுக்கு முன்பாக அவர்கள் நிற்கும் நிலையே அவ்வாறு பெயரிடப்படுகிறது. அதனாலேயே துயரப்படுகிறவர்களும் அப்பட்டியலில் இடம் பெறுகின்றனர். ஆகவே ஆய்வாளர் அளப்பது பாக்கியத்தை அன்று. ஆயினும் அவர்கள் அளப்பது அற்பமானதும் அன்று. உண்பது, உறங்குவது, அயலாரோடு பேசுவது, துக்கத்திலிருந்து மீள்வது ஆகிய யாவும் தேவன் படைத்த வாழ்வின் பகுதிகளே. ஆத்துமாவைப் பற்றிப் பேசிக்கொண்டு ஆளை மறந்துவிடும் ஊழியத்திற்கு இத்துறை நல்லதொரு திருத்தம்.

2. செல்வமும் வறுமையும்

வருமானம் உயர்ந்தால் மகிழ்ச்சி உயருமா? 1974இல் பொருளியலார் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். ஒரு நாட்டிற்குள் செல்வர் ஏழையரைவிடப் பொதுவாக மிகுந்த நிறைவோடுள்ளனர். ஆனால் அமெரிக்க நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆண்டு செல்வம் பெருகியபோது மக்களின் மகிழ்ச்சி அதற்கேற்ப உயரவில்லை. இம்முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. எனினும் மனிதன் தன் நிலையை அயலானின் நிலையோடு ஒப்பிட்டே அளக்கிறான் என்பதும், புதிய வசதி விரைவில் பழகிப்போகிறது என்பதும் நாமும் நம் சபைகளில் காண்பவையே.

ஆயினும் இதைக் கொண்டு வறுமையைப் புகழத் துணிதல் ஆகாது. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கல்கத்தாவில் சேரியில் வாழ்வோர், பாலியல் தொழிலில் உள்ள பெண்கள், நடைபாதையில் வசிப்போர் ஆகியோருள் 83 பேரைச் சந்தித்து ஆராய்ந்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். தம் வாழ்வு முழுவதையும் பற்றிக் கேட்டபோது அவர்கள் அளித்த மதிப்பு, நிறைவின்மையின் பக்கமே சற்றுச் சாய்ந்தது. வசதியுள்ளோரின் மதிப்பைவிட அது குறைவு. ஏழை எப்போதும் மகிழ்ச்சியானவன் என்னும் கூற்று பொய் என்பதற்கு இதுவே சான்று. எனினும் வாழ்வின் தனித்தனிக் கூறுகளைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் நிறைவு தெரிவித்தனர். எதிர்பார்த்ததைவிட அவர்களிடம் நிறைவு மிகுந்திருந்ததற்குக் குடும்பமும் நட்பும் ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

இவ்வாய்வு நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கிறது. கூலிக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் போராடுகிறவனுக்கு மனநிறைவைப் பற்றி மட்டும் பிரசங்கிப்பது அநீதி என்பது ஒன்று. நீதிக்கான போராட்டத்தின் நடுவிலும் மனிதனைத் தாங்கி நிற்பது உறவு என்பது மற்றொன்று.

3. தேடினால் விலகுவது

நம்முடைய பிலிப்பியர் பிரசங்கத்தின் குறையை விளக்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. 2011இல் ஐரிஸ் மாஸ் என்னும் உளவியலாரும் அவருடன் பணியாற்றியோரும், மகிழ்ச்சிக்கு அளவுகடந்த மதிப்பளிப்போரின் நிலையை ஆராய்ந்தனர். ஒரு குழுவினருக்கு மகிழ்ச்சி எத்துணை இன்றியமையாதது என்று வற்புறுத்தும் கட்டுரையொன்றைப் படிக்கக் கொடுத்து, பின்னர் மகிழ்ச்சியூட்டும் திரைக்காட்சியைக் காட்டினர். அவர்கள் மற்றக் குழுவினரைவிடக் குறைவாகவே மகிழ்ந்தனர். 'மகிழ வேண்டுமே, இன்னும் மகிழவில்லையே' என்று தம்மைத் தாமே கண்காணித்ததில் அவர்கள் ஏமாற்றமே அடைந்தனர்.

பிரசங்கியின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் இதே சோதனையைக் காண்கிறோம். மகிழ்ச்சியையே இலக்காக வைத்து வீடுகளும் தோட்டங்களும் பாடகரும் பொன்னும் சேர்த்த அரசன், இறுதியில் யாவும் மாயை என்கிறான். நாம் மகிழ்ச்சியைக் கடமையாக்கிப் பிரசங்கித்தபோது, துக்கத்திலிருந்த ஒரு தாய்க்குக் குற்றவுணர்வையும் சேர்த்தே கொடுத்தோம். இது நம் பிரசங்க மேடைகள் கவனிக்க வேண்டிய அபாயம். பவுல் பிலிப்பியருக்கு எழுதியது உணர்ச்சியைக் கிளப்பும் ஆணை அன்று. கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்ற உறுதியின்மேல் நின்று, சாந்தகுணத்தையும் ஜெபத்தையும் ஸ்தோத்திரத்தையும் சபையாகச் சேர்ந்து பழகும்படி அழைக்கும் அழைப்பே அது. அங்கே மகிழ்ச்சி தனியாள் தன்னுள் தோண்டியெடுக்க வேண்டிய பொருளன்று. கூட்டு வாழ்வில் பிறப்பது.

4. அன்றாட வாழ்வில் கைக்கொள்ளத்தக்கவை

இத்துறையில் ஆரவாரமாகப் பேசப்பட்டவை யாவும் நிலைபெறவில்லை. 2023இல் டனிகன் ஃபோக், எலிசபெத் டன் என்னும் இருவர் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வழிகளைக் கடுமையான அளவுகோல்களால் மறு ஆய்வு செய்தனர். நன்றி கூறுதலுக்கும் பிறரோடு பழகுதலுக்கும் ஓரளவு உறுதியான சான்று இருந்தது. உடற்பயிற்சி, தியானம் முதலியன பொதுமக்களை மகிழ்விக்கும் என்பதற்குக் கிடைத்த சான்று, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அவை பயனற்றவை என்பது இதன் பொருளன்று; நாம் உறுதியாகக் கூறத்தக்கவை சிலவே என்பதுதான். அவற்றை நோக்குவோம்.

முதலாவது, நன்றி. 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் நடத்திய ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரங்கள், வாரத்திற்கு ஒருமுறை, தாம் நன்றி கூறத்தக்க ஐந்து காரியங்கள் வரை எழுதி வந்தனர். மற்றொரு குழுவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினர். முதற்குழுவினர் தம் வாழ்வைப் பற்றி மேலான எண்ணமும், வரும் வாரத்தைப் பற்றி மிகுந்த நம்பிக்கையும் கொண்டனர். சோன்யா லியுபொமிர்ஸ்கி என்பவரும் உடன் ஆய்வாளரும் 2005இல் தெரிவித்த முடிவு இதனினும் சிந்திக்கத்தக்கது. வாரத்திற்கு ஒருமுறை நன்மைகளை எண்ணியவர் பயன்பெற்றனர். வாரத்திற்கு மூன்று முறை எண்ணியவரிடம் அப்பயன் காணப்படவில்லை. வழக்கமாகிச் சலித்துப்போன நன்றி, தன் ஆற்றலை இழக்கிறது போலும். நம் சபைகளில் பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் வருகின்றன. பெயரை வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். இன்ன நன்மைக்காக, இன்னார் செய்த உதவிக்காக என்று ஒரு வரியேனும் அவர்களே சொல்ல இடமளித்தால், அந்தக் காணிக்கை மீண்டும் நன்றியாகும். லூக்கா 17இல் திரும்பி வந்த குஷ்டரோகி ஒருவனே. அவன் தன் நன்றியை நேரில் வந்து, குறிப்பாகச் சொன்னான்.

இரண்டாவது, பழகுதல். நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சிகாகோ நகரின் புறநகர் இரயில்களில் நடந்தது. சிலரை அருகிலிருக்கும் அந்நியரோடு பேசும்படியும், சிலரைத் தனித்திருக்கும்படியும் கேட்டுக்கொண்டனர். பேசுவது இனிமையற்றதாயிருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஆனால் பேசியவர்களே இனிய பயணம் பெற்றதாகத் தெரிவித்தனர். ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நாள்தோறும் மின்சார இரயிலில் செல்லும் நம் சபையார் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பெட்டியில் பல ஆண்டுகள் பயணம் செய்தும் ஒருவர் பெயரை மற்றவர் அறியாத நிலை, நாம் நினைப்பதுபோல் எல்லாரும் விரும்பும் நிலையன்று.

சபைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2010இல் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் ஆகியோரால் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. ஒழுங்காக ஆலயத்திற்குச் செல்வோர் செல்லாதாரைவிட வாழ்வில் நிறைவு மிகுந்தவர் என்பது முன்பே அறியப்பட்டது. அந்நிறைவு எங்கிருந்து வருகிறது என்று இவர்கள் தேடினர். சபைக்குள் நெருங்கிய நண்பர்களை உடையவர்களிடமே அது காணப்பட்டது. நண்பரின்றி வந்து செல்வோர், ஆலயத்திற்கு வராதவரைவிட நிறைவுடையவராகக் காணப்படவில்லை. ஆராதனையின் பொருள் இந்த நிறைவோடு முடிந்துவிடுவதில்லை என்று நாம் அறிவோம். ஆயினும் ஆண்டுக்கணக்காகப் பின் பெஞ்சில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் ஒருவரோடும் பேசாமல் வீடு திரும்பும் ஒருவரை நாம் 'ஒழுங்காக வருகிறவர்' என்று பதிவேட்டில் குறித்து அமைதியடைகிறோமே, அந்த அமைதியை இவ்வாய்வு கலைக்கிறது.

மூன்றாவது, ஈதல். எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் 2008இல் நடத்திய சோதனையில், பங்கேற்றோருக்கு ஐந்து அல்லது இருபது டாலர் கொடுத்து, மாலைக்குள் தமக்கென்றோ பிறருக்கென்றோ செலவிடச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவிட்டவரே மிகுதியாக மகிழ்ந்தனர். தொகையின் அளவு வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வேயாயினும், பின்னர் நிகழ்ந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. இங்கு ஆயர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் சபைகளில் சிலர் எப்போதும் கொடுப்பவராகவும், சிலர் எப்போதும் பெறுபவராகவுமே வைக்கப்படுகின்றனர். பெறுபவருக்குக் கொடுக்கும் வாய்ப்பை மறுப்பதும் ஒருவகைப் பறித்தலே.

5. கோவாவும் சென்னையும் காட்டும் வழி

இதுகாறும் கூறியவை உடல்நலமும் மனநலமும் ஓரளவு உள்ளோருக்குப் பொருந்துவன. மனச்சோர்வு நோயால் எழுந்திருக்கவும் இயலாதவருக்கு நன்றிப் பட்டியல் எழுதச் சொல்வது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். இத்தகையோருக்கு ஆய்வு எவ்வாறு உதவியது என்பதற்கு நம் நாட்டிலேயே இரு சான்றுகள் உள்ளன.

கோவாவில் விக்ரம் பட்டேல் முதலானோர் சங்காத் என்னும் நிறுவனத்தின் வாயிலாக நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்தவருள் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு, ஆறு முதல் எட்டு முறை, ஓர் ஆலோசகரின் சந்திப்பும் கிடைத்தது. அந்த ஆலோசகர்கள் மனநல மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். அவர்கள் செய்தது யாது? மனம் தேறினால் செயல்படலாம் என்று காத்திராமல், சிறு செயல் ஒன்றை முதலில் செய்யத் துணை நின்றனர். கைவிட்ட வேலையை மீண்டும் தொடங்குதல், ஒரு நண்பரைக் காணுதல், வீட்டுச் சிக்கல் ஒன்றைப் படிப்படியாகத் தீர்த்தல் போன்றவற்றைத் திட்டமிட உதவினர். மூன்று மாதங்களில் இவர்களுள் 64 விழுக்காட்டினர் நோய்க்குறி நீங்கப்பெற்றனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 39 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர்.

இரண்டாவது சான்று சென்னையைச் சார்ந்தது. 1986இல் சென்னையில் ஸ்நேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்குகொண்ட உலகச் சுகாதார நிறுவன ஆய்வு அது. சென்னை, கொழும்பு முதலிய ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் காப்பாற்றப்பட்ட 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியாலோ நேரிலோ விசாரிப்பும் அளிக்கப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். விசாரிக்கப்பட்ட பிரிவில் அது 0.2 விழுக்காடே. ஒன்பது முறை ஒருவர் வந்து 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டது, உயிருக்கும் மரணத்திற்கும் இடையே நின்றது.

6. சூரைச்செடியின் கீழ்

இவற்றைப் படிக்கும்போது 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் நம் நினைவிற்கு வருகிறது. சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. மகிழ்ந்திருக்கும்படி கட்டளையிடவும் இல்லை. உறங்க விட்டான், தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்க விட்டு, இரண்டாம் முறையும் வந்தான். பின்னரே பயணமும், ஓரேபில் மெல்லிய சத்தமும் வருகின்றன. அதன் பிறகு செய்ய வேண்டிய பணியும், உடன் உழைக்க எலிசா என்னும் தோழனும் எலியாவுக்குக் கொடுக்கப்படுகின்றனர். உணவு, உறக்கம், மீண்டும் வருகை, பணி, தோழமை என்னும் இவ்வரிசையையே இன்றைய ஆய்வுகளும் தொட்டுக்காட்டுகின்றன. ஆய்வு நமக்குப் புதிய சுவிசேஷத்தைத் தரவில்லை. நாம் பிரசங்கமாக்கி வைத்திருந்ததைச் செயலாக்கும்படி நினைவூட்டுகிறது. அது ஊழியத்தின் எஜமானன் அன்று, நல்ல ஊழியக்காரன்.

7. குருசேகரத்தில் செய்யத்தக்கவை

முத்தாபுதுப்பேட்டை போன்ற புறநகரில் இதன் பொருள் என்ன? அங்கே விமானப்படை நிலையம் உள்ளது. பணிமாற்றத்தால் குடும்பங்கள் வந்து, சில ஆண்டுகளில் செல்கின்றன. 1961இல் ஆவடியில் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை போன்றவற்றில் உழைத்து ஓய்வு பெற்றோரும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். பிள்ளைகள் வேறு ஊர்களுக்குச் சென்றுவிட, முதியோர் தனித்திருக்கும் வீடுகளும் உண்டு. வேர் பிடிக்க நேரமில்லாதவரும், வேரிழந்தவரும் அருகருகே வாழும் இத்தகைய இடங்களில் சபையே சிலருக்கு ஒரே சுற்றம்.

எனவே மூன்று காரியங்களைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, துக்க வீட்டுச் சந்திப்பை ஒழுங்குபடுத்துதல். அடக்க ஆராதனைக்கும் முப்பதாம் நாள் ஜெபத்திற்கும் திரண்டு செல்கிறோம். அதன்பின் அவ்வீட்டை மறக்கிறோம். மேற்கூறிய ஆய்வில் விசாரிப்பு முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரங்களிலும், பின்னர் நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதங்களிலும் அமைந்தது. துக்கத்திலிருப்போருக்காக அம்முறை சோதிக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் தொடக்கத்தில் நெருக்கமாகவும், போகப்போக இடைவிட்டும், ஒன்றரை ஆண்டு வரை மறவாமலும் வருதல் என்னும் அவ்வொழுங்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி, உபதேசியாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் பகிர்ந்து செய்தல் எளிது.

இரண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஏற்கெனவே உள்ள ஒரு குடும்பத்தைத் துணையாக நியமித்தல். வரவேற்பு அறிவிப்பு நட்பாகாது. ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்பதே நட்பின் தொடக்கம். மூன்று, துயருற்றோருக்கு ஆறுதலை மட்டுமன்றிப் பணியையும் அளித்தல். ஞாயிறு பள்ளிக்கோ, நோயாளிகளைச் சந்திப்பதற்கோ, அறுப்பின் பண்டிகை ஏற்பாட்டிற்கோ அவர்கள் கை தேவை என்று கேட்பது அவர்களை மதிப்பதாகும். அவசரப்படுத்தாமல், சிறிதாகத் தொடங்க வேண்டும்.

இவற்றோடு நம் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். உறக்கமும் உணவும் பல வாரங்கள் கெட்டு, வாழ விருப்பமில்லை என்று பேசுகிறவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று தீர்ப்பது பாவம். அவரிடம் நேராகவும் பரிவோடும் கேட்டு, தனியே விடாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. இது நம் அறிவிப்புப் பலகைகளில் இருக்கத்தக்கது. மருந்து உண்பதும் ஜெபிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்தத் தாயாரின் கேள்விக்கு இன்று நாம் இவ்வாறு விடை கூறுவோம்: நீங்கள் எந்தக் கட்டளையையும் மீறவில்லை. அழுகிறவர்களோடு அழ வேண்டும் என்று ரோமர் 12இல் சபைக்கு இடப்பட்ட கட்டளையை நாங்கள்தாம் மீறினோம். இதைச் சொன்ன பிறகு, இன்னொன்றையும் கேட்டிருக்க வேண்டும்: "நாளை மாலை வீட்டில் இருப்பீர்களா, அம்மா? நாங்கள் வருகிறோம்." ஆய்வு நூல்கள் பலவற்றைக் கற்றபின் நாம் வந்து சேர்ந்த முடிவு இவ்வளவே. அடுத்த வாரமும் மறவாமல் சென்றால், அது போதிய தொடக்கமாகும்.